மூன்றாம் இலக்கம்

மாஸ்ரரின் இறுதிக் கிரியையை நான் ஸ்காபரோவில் எங்கள் சமையலறை மேசையில் இருந்து பார்த்தேன். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். அங்கே காலை 10 மணி, இங்கே இரவு 12.30. படம் அடிக்கடி அப்படியே நின்றுபோனது. ஒருமுறை அது நின்றபோது, பந்தலுக்குள் வெள்ளைச் சட்டையோடு நின்ற பழைய மாணவர்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தார்கள். யார் யாரென்று தெரியவில்லை. எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது, வயிறும் வைத்துவிட்டது. ஆனால் ஒருவரை மட்டும் நிற்கிற விதத்திலேயே கண்டுபிடித்தேன். முழங்கால் கொஞ்சம் மடங்கி, இரண்டு கையையும் முன்னால் தொங்கவிட்டு, பந்து வரப்போகிறது என்பதுபோல நின்றார். 1993ல் எங்கள் கோல் காப்பாளர்.

மலர்க் குழுவினர் என்னிடம் மாஸ்ரரைப் பற்றி 4 பக்கம் கேட்டார்கள். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு மாஸ்ரர் என்றால் அவர் ஒருவர்தான். அவரிடம் புவியியல் படித்தவர்கள் இருக்கிறார்கள், விடுதியில் அவர் பொறுப்பில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பங்கை எழுதட்டும். எனக்குத் தெரிந்தது 1993ஆம் ஆண்டின் 19 வயதுப் பிரிவு உதைபந்தாட்ட அணி. அதில் நான் லெப்ற் பக். மூன்றாம் இலக்கம்.

அந்தக் காலத்தைப் பற்றி நமக்குள் விளக்கம் தேவையில்லை. ஆனால் நம் பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். 1990 ஆனியில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. யாழ்தேவி றெயில் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. இரவில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் படித்தோம். பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. துரையப்பா விளையாட்டரங்கு கோட்டைக்குப் பக்கத்தில் இருந்ததால், 1990 முற்றுகைக்குப் பிறகு அங்கே பந்தடிக்க வழியில்லை. இந்த நிலையில் ஒரு மனுசன் பாடசாலை அணிக்கு 25 பொடியன்களைக் கூப்பிட்டு, விடிய ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார்.

எங்களிடம் இரண்டு பந்து இருந்தன. ஒன்று போட்டிக்கு, மற்றது பயிற்சிக்கு. பயிற்சிப் பந்து வட்டமாக இருக்கவில்லை. ஒரு பக்கம் புடைத்து, உருட்டிவிட்டால் வளைந்து போகும். நாங்கள் அந்த வளைவைப் பழகிவிட்டோம். அதனால் போட்டியில் நல்ல பந்து நேராகப் போனபோது முதல் பத்து நிமிடம் எங்களுக்குத் தடுமாற்றமாக இருக்கும். மாஸ்ரர் அதையும் கணக்கில் எடுத்து, போட்டிக்கு முந்தின பயிற்சியில் கடைசி அரை மணித்தியாலம் நல்ல பந்தைத் தருவார். முடிந்ததும் அதை வாங்கித் துடைத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கி, சாக்குப் பைக்குள் வைத்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவார். பந்து ஓர் இரவும் கல்லூரியில் தங்கினதில்லை. ஷெல் விழுந்தால் கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், பந்துக்கு எங்கே போவது என்பார்.

கோல் வலை பாசையூரில் இருந்து வந்தது. கடலுக்குப் போகத் தடை இருந்ததால் அங்கே வலைகள் வீட்டுத் திண்ணைகளில் சும்மா கிடந்தன. எங்கள் றைற் அவுட்டின் அப்பா ஒரு பழைய வலையை வெட்டி, இரண்டு கோலுக்கும் அளவாகக் கட்டித் தந்தார். வெயில் ஏறினால் அதில் இருந்து கருவாட்டு மணம் வரும். கோட்டுக்குச் சுண்ணாம்பு கிடைக்காத நாளில் அடுப்புச் சாம்பல் கொட்டினோம். ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து ஒரு சிரட்டை சாம்பல் கொண்டுவர வேண்டும். காற்று அடித்தால் பெனால்ரிப் பெட்டி காணாமல் போய்விடும்.

சட்டை கழுவுவதுதான் பெரிய பாடு. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். சவர்க்காரத்துக்குப் பதில் அந்தக் களியைத்தான் ஊரெல்லாம் பாவித்தது. மாஸ்ரரின் மனைவி 15 சட்டைகளையும் பனம்பழம் போட்டுக் கசக்கி, வேலியில் காயப்போடுவார். அந்த மணத்துக்கு மாடு வரும். ஒருமுறை ஆறாம் இலக்கச் சட்டையின் கையை மாடு சப்பிவிட்டது. அன்றிலிருந்து சட்டை காயும்வரை அவருடைய சின்ன மகள் ஒரு பூவரசந் தடியோடு வேலியடியில் காவல் இருந்தாள். அந்தப் பிள்ளைதான் இப்போது வளர்ந்து, பந்தலுக்குள் எல்லாருக்கும் கைகூப்பிக்கொண்டு நின்றது.

பூட்ஸ் 7 சோடிதான். கோல் காப்பாளருக்கு ஒன்று, பக்ஸ் நாலு பேருக்கும் நாலு, மிச்சம் இரண்டு நடுவில் நிற்பவர்களுக்கு. முன்னுக்கு ஆடுபவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். வேறு அணிகளில் கோல் போடுபவர்களுக்குத்தான் முதலில் பூட்ஸ் கொடுப்பார்கள். மாஸ்ரரிடம் காரணம் கேட்டோம். "முன்னுக்கு நிக்கிறவன் அடி வாங்காமல் ஓடித் தப்பலாம். பின்னுக்கு நிக்கிறவன் ஓட ஏலாது, தம்பி. அவன் நிண்டுதான் ஆகவேணும்" என்றார். எனக்கு வந்தது கறுப்பு நிறத்தில், வலது கால் பெருவிரலடியில் வேறு நிறத் தோல் ஒட்டுப் போட்ட சோடி. நடக்கும்போது ஒட்டுத் தைத்த முடிச்சு விரலில் உரசும். அந்த இடத்தில் காய்ப்பு விழுந்து, இங்கே வந்து கனகாலம் போகவில்லை.

உதைபந்தாட்டம் என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் வரும் பெயர்கள் சம்பத்திரிசியார், இளவாலை ஹென்றியரசர், தெல்லிப்பழை மகாஜனா. குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று கடற்கரை ஊர்களில் குழந்தைக்கு நடக்க வரமுன்னமே பந்து உதைக்க வரும் என்று சொல்வார்கள். நம் கல்லூரிக்கு அந்தப் பெயர் இருந்ததில்லை. நமக்குக் கிரிக்கெற்றும் சோதனைப் பெறுபேறும்தான் பெருமை. அந்த வருடம் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்த பொடியன்கள் மூன்று பேரும், பாசையூர்ப் பொடியன் ஒருவனும் நம்மோடு படித்தார்கள். அவர்கள் வந்ததால்தான் எங்களுக்கு ஓர் அணி அமைந்தது. போர் எங்களுக்குக் கொடுத்தது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று பேரும் வீடும் கிணறும் தோட்டமும் விட்டுவந்தவர்கள். ஒருவன் தன் அப்பாவையும் அங்கேயே விட்டுவந்தவன்.

மைதானத்தின் கிழக்கு மூலையில், கோர்ணர் கொடிக்கு அப்பால், "ட" எழுத்து வடிவில் பங்கர் வெட்டி மேலே பனங்குற்றி அடுக்கியிருந்தோம். அதை நாங்களே வெட்டினோம். அது பயிற்சியின் ஒரு பகுதி என்று மாஸ்ரர் சொன்னார். விமானச் சத்தம் கேட்டால் பந்தை விட்டுவிட்டு ஓட வேண்டும், பந்துக்காக ஒருவனும் நிற்கக்கூடாது, இதுதான் முதல் சட்டம். ஆனால் எல்லாரும் பங்கருக்குள் இறங்கிய பிறகு கடைசியாக அவர் இறங்குவார், கையில் பந்து இருக்கும். சத்தத்தை வைத்தே பொம்மரா, ஹெலியா, சகடையா என்று எங்களுக்குத் தெரியும். சகடை என்றால் எல்லாரும் பேசாமல் இருப்போம். அது பீப்பாய்க் குண்டு போடும். எங்கே விழும் என்பது போடுகிறவனுக்கே தெரியாது என்று சொல்வார்கள். ஒருநாள் பங்கருக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்தோம். மாஸ்ரர் தன் பையில் இருந்து புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் எடுத்து ஆளுக்கு ஒரு துண்டு முறித்துக் கொடுத்தார். இருட்டில் 20 பேர் புழுக்கொடியல் கடிக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் புவியியல் ஆசிரியர் என்பதால் காற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அந்த மாதங்களில் பின்னேரம் சோளகம் பிடித்து அடிக்கும். நாணயச் சுழற்சியில் வென்றால் முதற்பாதியில் காற்றுக்கு எதிரே ஆடு, இரண்டாம் பாதியில் காற்றை முதுகில் வாங்கு, இதில் மாற்றமே இல்லை. முதற்பாதியில் பந்தைத் தரையோடு வைத்துக் காப்பாற்று, உடம்பு களைக்கிற நேரம் காற்று உனக்காக ஓடும் என்பார். அந்தப் பருவத்தில் நாங்கள் போட்ட கோல்களில் பெரும்பாலானவை இரண்டாம் பாதியில் வந்தவை.

கால் இறுதிப் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று மதியத்தில் இருந்து ஹெலி கரையோரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்டம் 4 மணிக்கு. நாலாகியும் எங்கள் றைற் அவுட்டைக் காணவில்லை. மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாற்று வீரன் சட்டையைப் போடப் போனான். மாஸ்ரர் அவன் கையைப் பிடித்து இருத்தினார். பத்துப் பேரோடு தொடங்குகிறோம் என்று மத்தியஸ்தரிடம் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. அணித்தலைவன் துணிந்து கேட்டுவிட்டான், வேறு ஆள் இருக்கும்போது ஏன் சேர் என்று.

"பதினொண்டு எண்டது ஆக்களின்ரை கணக்கு இல்லையடா, இடங்களின்ரை கணக்கு. அந்த இடம் அவன்ரை. அவன் வருவான்" என்றார்.

ஏறத்தாழ 15 நிமிடம் போயிருக்கும். பாசையூர்ப் பொடியன் சைக்கிளோடு வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கச் சேறு. ஹெலி சுட்டபோது வாய்க்காலுக்குள் குதித்துக் கிடந்திருக்கிறான். முன் சில்லு வளைந்துபோயிருந்தது. மாஸ்ரர் அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தார், அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான், ஏழாம் இலக்கச் சட்டையைத் தலைக்கு மேலால் அவரே போட்டுவிட்டார். மத்தியஸ்தரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அன்று அவன் வெறுங்காலோடு இரண்டு கோல் போட்டான். இரண்டும் இரண்டாம் பாதியில்.

அரை இறுதியில் பட்டணத்துக் கல்லூரி ஒன்றை 1-0 என்று வென்றோம். ஒன்றும் எழுதுமளவுக்கு நல்ல ஆட்டமில்லை, மழை. ஆனால் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். கல்லூரியில் காலைக் கூட்டத்தில் எங்கள் 15 பேரின் பெயரையும் வாசித்தார்கள். ரியூசன் கொட்டிலில் பெட்டைகள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். போட்டி புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

அந்தக் கிழமையில்தான், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகள் கொடுக்கும் பாஸ் எனக்கு வந்தது.

எப்படி வந்தது என்பதை அப்பா எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. 18 வயதுப் பொடியனுக்குப் பாஸ் எடுப்பது எவ்வளவு கடினம் என்று நம்மவர்களுக்குத் தெரியும். அம்மாவும் தம்பியும் பிணைக்கு நிற்க, அப்பாவும் நானும் வெள்ளிக்கிழமை வெளிக்கிட வேண்டும். ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. கூட்டாளிகளுக்கும் இல்லை, கல்லூரிக்கும் இல்லை. கதை வெளியே போனால் பாஸும் போகும், அதற்கு மேலும் போகும் என்று அப்பா சொன்னார். அவர் பயந்ததில் பிழையில்லை. இன்று எனக்கும் 18 வயதில் மகன் இருக்கிறான்.

வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்தது. போட்டிக்கு முதல் நாள் மாஸ்ரர் ஓய்வு விடுவது வழக்கம், அதனால் வெள்ளிக்கிழமை யாரும் என்னைத் தேடப்போவதில்லை. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. எப்படியாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று இரவு 7 மணிபோல அவர் வீட்டுக்குப் போனேன்.

மாஸ்ரர் விறாந்தையில் பாய் விரித்து இருந்தார். மடியில் போட்டிப் பந்து. ஒரு தையல் பிரிந்திருந்தது. பந்தின் காற்றை இறக்கி, பிளடரில் விழுந்திருந்த ஊசி ஓட்டைக்குச் சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டி முடித்திருந்தார். சொலூஷன் மணம் விறாந்தை முழுக்க இருந்தது. இப்போது தோலைத் தைக்க வேண்டும். கிழவர் ஒருவரிடம் சப்பாத்துத் தைக்கப் பழகியிருந்தார் அவர், பந்துக்காகவே.

"வா தம்பி, நல்ல நேரம் வந்தாய். விளக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடி."

நான் ஜாம் போத்தலை எடுத்துப் பிடித்தேன். நூலுக்கு மெழுகு பூசி, இரண்டு ஊசியில் கோர்த்து, ஒரே ஓட்டைக்குள்ளால் இரண்டு பக்கமும் குத்தி இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நூல் தோலில் உரசி ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் வரும். இழுக்கும்போது சுண்டுவிரலில் நூலைச் சுற்றிக்கொள்வார், அந்த விரலில் வெட்டு விழுந்து சிவந்திருந்தது. ஆறு தையல் போட்டார், நான் எண்ணினேன். ஒவ்வொரு தையலுக்கும், அடுத்த தையலில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

ஐந்தாவது தையலில் அவர்தான் பேசினார். "சனிக்கிழமை உன்ரை பக்கம் வாறவன் நல்ல ஓட்டக்காரன். நான் போய்ப் பாத்தனான். ஆனால் அவனுக்கு இடக்கால் இல்லை. வெளியாலை ஓடிப் பந்தைத் தூக்கிக் குடுக்கிறதுதான் அவன்ரை வேலை. நீ வெளியை அடை. உள்ளுக்குத் திருப்பிவிடு, உள்ளுக்கு வந்தால் அவனாலை ஒண்டும் ஏலாது. நீ நிண்டாய் எண்டால் எனக்கு அந்தப் பக்கம் யோசனை இல்லை. விளங்குதா?"

"ஓம் சேர்" என்றேன்.

அவருடைய மனைவி தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தார். குடித்தேன். பந்துக்குக் காற்று அடித்து, தரையில் ஒருமுறை தட்டி, காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார், நானும் காதில் வைத்துக் கேட்டேன். காற்றுப் போகவில்லை. "சரி, போய்ப் படு. நாளைக்குக் கண்டபடி வெயிலுக்குள்ளை திரியாதை" என்றார். படலை வரைக்கும் வந்தார். நான் சைக்கிளில் ஏறினேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வெளிக்கிட முன் பூட்ஸைத் துடைத்து, ஒரு பழைய பையில் போட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்கு 11 வயது. "சனிக்கிழமை பின்னேரம் மாஸ்ரரிட்டைக் கொண்டுபோய்க் குடு. அதுக்கு முதல் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கக்கூடாது" என்றேன். நாலு மணிக்கு முதல் கொடு என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. ஆட்டம் தொடங்க முன் அவர் முகத்தில் செய்தி விழுவதை நான் விரும்பவில்லை, அதுதான் உண்மை.

கிளாலியைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்ட பிறகு நமக்கு இருந்த ஒரே வாசல் அந்தக் கடல்நீரேரி. அதே வருடம் தையில் அதில் போனவர்களைக் கடற்படையினர் கடலில் வைத்து வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். கடற்படை முகாம் இருந்த நாகதேவன்துறைப் பக்கம் இருட்டில் ஒரு வெளிச்சம் வந்தாலும் வள்ளத்தில் எல்லாரும் ஒன்றாகக் குனிவோம். தண்ணீர் என் மடியில் தெறித்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவி கந்தசஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை 4 மணிக்கு நான் வவுனியாவில், தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியில் வெயிலுக்குள் வரிசையில் நின்றேன். காற்று இருந்தது. முதற்பாதி எங்களுக்கு எதிர்க்காற்று என்று நினைத்தேன்.

நாங்கள் கடந்து இரண்டு கிழமை ஆகவில்லை, இராணுவம் கிளாலித் துறையைப் பிடிக்கவென்று ஆனையிறவில் இருந்து வெளிக்கிட்டது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் யாழ்தேவி. நாங்கள் கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் இருந்து வானொலியில் கேட்டோம். அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அம்மாவும் தம்பியும் 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போனார்கள். பிறகு வந்து சேர்ந்தார்கள். எங்கள் குடும்பம் தப்பியது. தப்பியதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அந்த 15 பேரில் இன்று 3 பேர் இல்லை. பாசையூர்ப் பொடியன் அதில் ஒருவன்.

இறுதிப் போட்டியில் 2-1 என்று தோற்றோம் என்ற செய்தி அம்மாவின் கடிதத்தில் வந்தது. வேறு விபரம் இல்லை. பூட்ஸைக் கொடுத்துவிட்டேன் என்று தம்பி கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்.

2011ல் முதல்முறை ஊருக்குப் போனேன். மாஸ்ரர் ஓய்வு பெற்று, அதே வீட்டில், அதே விறாந்தையில் இருந்தார். மனைவி காலமாகிவிட்டார். என்னைக் கண்டதும் பெயரைச் சொல்லவில்லை, "வா, லெப்ற் பக்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மன்னிப்புக் கேட்கவென்றே போனவன் நான். விமானத்தில் இருந்து வசனம் வசனமாக அடுக்கிவைத்திருந்தேன். அவர் என் முழங்காலைப் பற்றிக் கேட்டார், அங்கே குளிருக்கு வலிக்கிறதா என்று. மைதானத்துக்கு வேலி அடைக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் இப்போது ரியூசனால் பயிற்சிக்கு வருவதில்லை என்று கவலைப்பட்டார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் எனக்கு அது ஒரு சின்ன விடயமாகவும் தெரிந்தது. அவர் மறந்திருப்பார், என்னைப் போல எத்தனை பேர் சொல்லாமல் போனார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, வேலிக்கு என்று கொஞ்சக் காசும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இறுதிக் கிரியை முடிந்த அடுத்த ஞாயிறு பாரிஸில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. லா சப்பலில் கடை வைத்திருக்கிறார், நம் கல்லூரிதான், எனக்கு ஒரு வகுப்புக் கீழே. அந்த அணியில் மாற்று வீரன். மலருக்கு நான் எழுதுவதாக அறிந்து எடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் மாஸ்ரரைப் பற்றிக் கதைத்தோம். அப்புறம் அவர், "அண்ணை, நீங்கள் அந்த பைனலைப் பற்றியும் எழுதுவீங்கள்தானே?" என்று கேட்டார். நான் அங்கே இல்லையே, எனக்கு என்ன தெரியும் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாலு மணிக்கு உங்களைக் காணேல்லை. நான் சட்டையைக் கழட்டிப்போட்டு நிக்கிறன். மாஸ்ரர் என்னை இருக்கச் சொன்னார். பத்துப் பேரோடை தொடங்கச் சொல்லிப்போட்டார். மூண்டாம் இலக்கச் சட்டையை மடியிலை வைச்சுக்கொண்டு ரோட்டையே பாத்துக்கொண்டு இருந்தவர் அண்ணை. லெப்ற் ஹாஃபைக் கொஞ்சம் பின்னுக்கு இறங்கி நிக்கச் சொன்னார். அவன் வந்திடுவான், அவன் வருமட்டும் சமாளியுங்கோ எண்டார். எதிர்க்காத்து. ரெண்டு கோலும் முதல் பாதியிலை விழுந்தது."

எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"லெப்ற் பக்கத்தாலைதான். அவன் வெளியாலை ஓடி ஓடித் தூக்கிக் குடுத்தான். இடைவேளைக்குத்தான் உங்கடை தம்பி சைக்கிளிலை வந்தவன். பையை மாஸ்ரரிட்டைக் குடுத்தான். அவர் உள்ளுக்கை பாத்தார். தம்பியின்ரை தலையைத் தடவி, அண்ணா பத்திரமாப் போயிட்டானாமோ எண்டு மெல்லக் கேட்டார். அவனுக்கு ஒண்டும் தெரியேல்லை, தலையை ஆட்டினான். பேந்து என்னைக் கூப்பிட்டு பூட்ஸைத் தந்தார். எனக்கு அது பெரிசு. அவரே நிலத்திலை இருந்து, தன்ரை லேஞ்சியை ரெண்டாக் கிழிச்சு ரெண்டு முனைக்குள்ளையும் அடைஞ்சு, நூலைக் கட்டிவிட்டார். இரண்டாம் பாதி நான் ஆடினன். ஒரு கோல் திருப்பினம். இன்னும் பத்து நிமிசம் இருந்திருந்தா மற்றதும் விழுந்திருக்கும் அண்ணை."

நான் பேசாமல் இருந்தேன். லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். பிறகு அந்த பூட்ஸ் என்னவானது என்று கேட்டேன்.

அடுத்த வருடமும் அதைத்தான் போட்டு ஆடினாராம். வலது காலில் ஒட்டுப் போட்ட இடம் பிரிந்துபோக, மாஸ்ரர் திரும்பத் தைத்துக் கொடுத்தாராம். 1995ல் ஊர் வெளிக்கிட்ட இரவு கழுவிக் கிணற்றடிச் சுவரில் காயவைத்திருந்தது, அவசரத்தில் எடுக்க மறந்துபோனார். மழைக்குள் கைதடி தாண்டிய பிறகுதான் நினைவு வந்ததாம்.